ஐந்து முதலாளிகள், ஒரே ருசி

நீ கூரியரில் அனுப்பிய புத்தகம் வந்து சேர்ந்தது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், ஓரமெல்லாம் தங்க நிறம். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகூட இத்தனை ஆடம்பரமாக அடித்ததில்லை. உன் அம்மா அதைப் பார்த்தவுடன் சுவாமி அலமாரிப் பக்கம் கொண்டுபோனாள்; உள்ளே இருப்பது ஒரு விஸ்கிக் கம்பெனியின் சரித்திரம் என்று சொன்ன பிறகு டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் மூன்று முறை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை கோபம் வந்தது. மூன்றாம் தடவை, அதுவரை படங்களைப் பார்க்காமல் புரட்டிய பதினேழாம் பக்கத்தில் கண் நின்றது. எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

ஃபோனில் பதில் சொல்லச் சொன்னாய். ஃபோனில் உன்னோடு பேசி ஜெயிக்க என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன், அதுவும் தமிழில். மலையாளத்தில் எழுதினால் நீ ஒரே மூச்சில் ஓட்டிவிடுவாய். தமிழ் உனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். எழுத்துக்கூட்டியே படி. இதை மெதுவாகப் படிக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் தெருக்காரர்கள் நடத்தும் மாத இதழுக்கு இதன் பிரதியைக் கொடுத்திருக்கிறேன். பொய் அச்சேறிவிட்டது, உண்மை மட்டும் ஏன் கவருக்குள் கிடக்க வேண்டும்? உன் பெயரைப் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. இங்கே கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய ஆட்களுக்குப் படித்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். தெரியட்டும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நான் ஆயுசில் பாதிக்கு மேல் வேலை பார்த்த அதே கம்பெனியில்தான் இன்று நீயும் இருக்கிறாய். நான் ஓய்வு பெற்ற பிறகு அதை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வாங்கியது. அவர்கள் இப்போது 'மட்டாஞ்சேரி' என்று பெரிய எழுத்தில் போட்டு, கிழவனைப் போல வேஷம் கட்டிய ஒரு புது விஸ்கியை இறக்கப் போகிறார்கள். அதற்கான சரித்திரத்தை எழுதும் வேலை உன்னுடையது. அது நல்லபடி முடிந்தால் அடுத்த மாதம் உனக்கு ஸ்காட்லாந்தில் பெரிய உத்தியோகம். முடிய வேண்டுமானால் வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு கையில் கண்ணாடிக் கோப்பையோடு ஒரு ஃபோட்டோவுக்கும் நிற்க வேண்டும். 'கம்பெனி எத்தனை முறை கைமாறினாலும் விஸ்கியின் ருசியில் எந்த மாற்றமும் வந்ததில்லை என்று, அதன் மூக்காக இருந்தவன் என்ற முறையில் சான்றளிக்கிறேன்.' இதுதான் காகிதம். நீ ஃபோனில் சொன்னது காதிலேயே நிற்கிறது: "ஒரு கையெழுத்து, ஒரு ஒப்புதானேப்பா. இதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கறேளே?" உன் அம்மாவும் சமையலறையிலிருந்து, "கொழந்தை ஊருக்குப் போறான், போட்டுக் குடுத்துடுங்கோளேன்" என்றாள். முப்பத்தைந்து வயதுக் குழந்தை.

சரி, உன் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். முதல் முதலாளி வெள்ளைக்காரர். கொச்சியின் கடற்காற்றில் மயங்கி, இங்கே ஒரு விஸ்கி பிறக்க வேண்டும் என்று கனவு கண்டாராம். யார் உனக்கு இந்தக் கனவைச் சொன்னது? அந்த மனிதர் கயிறும் மிளகும் ஏற்றுமதி செய்தவர். கப்பலில் வந்தவர்களுக்குச் சாராயம் வேண்டியிருந்தது, அதில் லாபம் இருந்தது, காய்ச்சினார், அவ்வளவுதான். ஊரைவிட்டுப் போகும்போது 'நம்பிக்கைக்குரிய நண்பரின் கையில் சாவியை ஒப்படைத்தார்' என்று எழுதியிருக்கிறாய். மேஜை, நாற்காலி, வண்டி எல்லாவற்றையும் விற்றதுபோலக் கம்பெனியையும் விற்றார். நாயை மட்டும் கூடக் கூட்டிக்கொண்டு போனார் என்று ஆபீஸில் சொல்லிச் சிரிப்பார்கள். வாங்கிய 'நண்பர்' பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் விற்ற வியாபாரி. வெள்ளைக்காரர் அந்த வியாபாரியை ஒரு நாள்கூட நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை என்று அவருடைய மூத்த மகனே என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அந்த வியாபாரியின் மகன்களான அண்ணன் தம்பி இருவரும்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். கெமிஸ்ட்ரி படித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த நேரம். சாராயம் காய்ச்சும் இடம் களமசேரிப் பக்கம். பீப்பாய்க் குடோனும் கலவை போடும் அறையும் ஆபீஸும் இங்கே மட்டாஞ்சேரியில், காயலைப் பார்த்தபடி. வெங்காயமும் இறைச்சியும் சேர்க்காத, புகையிலை தொடாத ஒரு பட்டரின் (எங்களைப் போன்ற தமிழ் பிராமணனுக்கு இங்கே அதுதான் பெயர்) மூக்கு சுத்தமாக இருக்கும் என்று மூத்தவருக்கு ஒரு எண்ணம். எண்ணம் சரியாகத்தான் இருந்தது. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தால் போதும், முளைகட்டிய பார்லியில் காய்ச்சிய மால்ட் எது, கரும்புப்பாகில் காய்ச்சியது எது, எத்தனை வருஷம் பீப்பாயில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். மால்ட் என்றால் அவல் வறுத்த வாசனை அடியில் நிற்கும். கரும்புப்பாகுச் சரக்கில் வெல்லப் பாகு அடிப்பிடித்த வாசனை, எத்தனை நிறம் கலந்தாலும் போகாது.

முகர்ந்து பார்த்த பிறகு ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஒரு சிறிய சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். மூக்குச் சீட்டு என்றே அதற்குப் பெயர். பழைய மாதிரியோடு ஒத்திருந்தால் 'நோ சேஞ்ச்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தச் சீட்டு இல்லாமல் ஒரு பீப்பாய் குடோனைவிட்டு வெளியே போகாது. இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு என் நாக்கில் பட்டதில்லை. இது எனக்கு எவ்வளவு பெருமை என்பது உனக்குத் தெரியும்; வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லி உன் மானத்தை வாங்கியிருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்பக்கமாகவே போய்த் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். குளித்துவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். வாயில் படாவிட்டால் கையிலும் படவில்லை என்று நம்பிய முட்டாள் நான். நம் ஆட்களுக்கே உரிய முட்டாள்தனம் இது.

பீப்பாய்க் குடோனின் சாவி அந்தோணியிடம் இருந்தது. நான் அந்தோணிச் சேட்டன் என்று கூப்பிடுவேன். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். பீப்பாய் ஒழுகினால் பலகை மாற்றி வளையம் இறுக்குவதும் அவரே. மத்தியானம் நாங்கள் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். என் தயிர்சாதத்துக்கு மரியாதை கொடுத்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வாசனை என் பக்கம் வராதபடி தள்ளி உட்கார்ந்து தன் மீனைச் சாப்பிடுவார். இப்படித் தள்ளி உட்காரும்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தது. குடோனுக்கு நடுவே சுவர் எழுப்புமளவுக்குப் போய், கடைசியில் விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. வாங்க வந்தவர் ஒரு பம்பாய்க்காரர். அவர் கட்டடத்துக்கு விலை சொல்லவில்லை, பீப்பாயில் ஊறிக்கொண்டிருந்த மால்ட்டுக்குத்தான் விலை சொன்னார். ஒவ்வொரு பீப்பாய்க்கும் புதிதாக மூக்குச் சீட்டு வேண்டும் என்று கேட்டார். அந்த வாரம் அந்தோணியின் மனைவிக்குப் பிரசவம். மூத்த முதலாளி அன்பாகக் கூப்பிட்டு, "நீ போய் வீட்டைப் பாரு அந்தோணி, சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்றார். முதலாளி கேட்கிறார், இவர் கொடுத்தார். எழுதி வாங்கவில்லை. முதலாளியிடம் எழுதி வாங்கும் வழக்கம் எங்கே இருந்தது? பெண் குழந்தை பிறந்தது, ஜெஸ்ஸி என்று பெயர் வைத்தார்கள். அவர் திரும்பி வந்தபோது சாவி பழைய ஆணியில் தொங்கியது.

நான் சீட்டு எழுதப் போன அன்று முதல் பீப்பாயை முகர்ந்ததுமே தெரிந்துவிட்டது. அவல் வாசனை இல்லை, அடிப்பிடித்த பாகு வாசனை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. பெரும்பாலான பீப்பாய்களிலிருந்து மால்ட்டை ஏற்றி எங்கேயோ விற்றுவிட்டு, களமசேரியிலிருந்து பச்சைச் சாராயத்தைக் கொண்டுவந்து நிறம் கலந்து ஊற்றி நிரப்பியிருந்தார்கள். என் பின்னாலேயே மூத்தவர் நின்றிருந்தார். குரலை உயர்த்தவில்லை. "சாமி, நீங்க குடிக்கப் போறதில்லை. குடிக்கறவனுக்குத் தெரியப் போறதும் இல்லை. புது முதலாளிகிட்ட உங்க வேலைக்கு நான் பொறுப்பு. எழுதுங்க" என்றார். எழுதினேன். ஒவ்வொரு பீப்பாயாக, 'நோ சேஞ்ச்', 'நோ சேஞ்ச்' என்று, கை கொஞ்சமும் நடுங்காமல், அச்சடித்த மாதிரி. அப்போது நீ ஆறு மாதக் குழந்தை. உன்னைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். உன்னை நினைத்து எழுதவில்லை, பயந்துபோய் எழுதினேன். அதோடு நீங்க குடிக்கப் போறதில்லை என்ற அந்த வார்த்தை எனக்கு இதமாகவும் இருந்தது. அன்று இரண்டு முறை குளித்தேன்.

மூன்றாம் முதலாளியான பம்பாய்க்காரர் 'நவீன யுகத்தைக் கொண்டுவந்தார்' என்று உன் புத்தகம் சொல்கிறது. அவர் முதலில் கொண்டுவந்தது ஒரு விசாரணை. சில மாதத்தில் பீப்பாய்களைத் திறந்து கலவை போடும்போது குட்டு வெளிப்பட்டது. பழைய முதலாளிகள் கைக்கு எட்டவில்லை. வக்கீல் வைத்துக்கொண்டு சீட்டுகளைக் காட்டினார்கள். விற்கும்போது மால்ட் இருந்தது என்பதற்கு என் கையெழுத்து இருக்கிறதே, அப்படியானால் விற்ற பிறகுதான் போயிருக்க வேண்டும், விற்ற பிறகு சாவி யாரிடம் இருந்தது? ஆபீஸ் ரூமில் எல்லோரையும் நிற்கவைத்து பம்பாய்க்காரர் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: "நீ முகர்ந்த அன்று உள்ளே இருந்தது மால்ட்தானா?" அந்தோணி எனக்கு எதிரே நின்றிருந்தார். பயப்படவே இல்லை. சாமி இருக்கிறார், சொல்லிவிடுவார் என்ற தெம்பு அவர் முகத்தில் தெரிந்தது. நான், "ஆமாம், மால்ட்தான்" என்றேன்.

அவ்வளவுதான். அன்று மத்தியானமே அவரை அனுப்பிவிட்டார்கள். போலீஸுக்குப் போகாதது முதலாளியின் பெருந்தன்மை என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். அவர் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போய் ஒரு படகுப் பட்டறையில் தச்சு வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயும் பெயர் பின்னாலேயே போனது. விஸ்கிக் கள்ளன் என்று கூப்பிட்டார்கள். ஜெஸ்ஸி பள்ளிக்கூடம் போன நாளில் அவள் காதிலும் அது விழுந்தது என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட பிறகும் போகவில்லை. மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி எவ்வளவு தூரம்? பஸ் ஏறி உட்கார்ந்து ஒரு வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் இறங்கிவிடலாம். முப்பத்துச் சொச்சம் வருஷம் நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. மீன் வாங்க வேண்டிய அவசியம் இல்லாததால் துறைமுகத்துப் பக்கம் வேலையில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ சின்ன வயதில் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "அந்தோணி அங்கிள் ஏன் வரதில்லை?" என்று கேட்டபோது, வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார் என்றேன்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். பம்பாய்க்காரர் காலத்தில் மால்ட் என்பதே இல்லாமல் போயிற்று. பீப்பாய்க்குப் பதிலாக எசன்ஸ் டிரம் வந்தது. ஒரு மூடி ஊற்றினால் பன்னிரண்டு வருஷத்து வாசனை வரும். நான் அதையும் முகர்ந்து 'நோ சேஞ்ச்' எழுதினேன். நான்காவதாகப் பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். புத்தகத்தில் 'பாரம்பரியத்தின் மேல் கொண்ட காதல்' என்று இருக்கிறது. காதலாம்! புதிதாகச் சாராய லைசன்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு. லைசன்ஸுள்ள ஒரு பழைய கம்பெனி வேண்டும், வாங்கினார்கள். கையெழுத்தான அன்று குடோன் கதவைக்கூட யாரும் திறக்கவில்லை. நான் வழக்கப்படி மூக்குச் சீட்டுகளை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வந்திருந்த வக்கீல் அவற்றை வாங்கி, படிக்காமல், தன் சாயா கிளாசுக்கு அடியில் வைத்தார். ஒரு மனிதனின் வாழ்க்கையைக் காவு கொடுத்து நான் காப்பாற்றி வைத்த கையெழுத்துக்கு அந்த மரியாதைதான் கிடைத்தது. அப்போதும் எனக்கு அவமானமாக இருந்ததே தவிர, புத்தி வரவில்லை.

இப்போது உன் வெளிநாட்டு முதலாளிகள். சாராயம் எங்கிருந்தோ டேங்கர் லாரியில் வருகிறது என்று களமசேரியில் எல்லோருக்கும் தெரியும். மட்டாஞ்சேரியில் இருப்பது லேபிளில் உள்ள எழுத்து மட்டும்தான். எங்கள் குடோனை விற்றுவிட்டார்கள், இன்று அங்கே டூரிஸ்ட்டுகள் வெள்ளைச் சுவரில் படம் பார்த்தபடி காபி குடிக்கிறார்கள். அந்த இடத்தையே ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து விழா நடத்தப் போகிறீர்களாம். விற்ற வீட்டில் வாடகைக்கு உட்கார்ந்து, பரம்பரை வீடு என்று சொல்லிக்கொள்வார்கள். பணம் சம்பாதிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஐந்து பேரும் பணத்துக்காகத்தான் வாங்கினார்கள், விற்றார்கள். அதை அப்படியே சொல்லிவிட்டுப் போனால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வராது. எல்லா அழுக்கையும் செய்துவிட்டு, அதைப் பாசம், நட்பு, கனவு என்று பெயர் மாற்றி எழுதுகிறீர்களே, அதுதான் சகிக்கவில்லை. "அதெல்லாம் ஸ்டோரிப்பா, எல்லாக் கம்பெனியும் பண்றதுதான்" என்கிறாய். நீங்க குடிக்கப் போறதில்லை என்று என்னிடம் சொன்னவரும் இதே குரலில்தான் சொன்னார்.

பதினேழாம் பக்கத்துக்கு வருகிறேன். அதில் அந்தோணியின் ஃபோட்டோ. இளமையில் பீப்பாய் மேல் கையூன்றி நிற்பது; என் பழைய ஆல்பத்திலிருந்து நீ எடுத்துக்கொண்டு போனது. கீழே எழுதியிருக்கிறாய்: 'வாழ்நாள் முழுதும் சாவியைக் காத்த விசுவாசி, முழு மரியாதையோடு ஓய்வு பெற்றார்.' அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'அவரது ஒப்புதலோடு.' கள்ளன் என்று துரத்திய கம்பெனி இன்று அவர் முகத்தை விற்கிறது. உனக்கு விவரம் தெரியாது, அது என் குற்றம். ஆனால் ஒப்புதல் எப்படிக் கிடைத்தது? அந்த மனிதர் இந்தக் கம்பெனிக்கு எதற்கு ஒப்புக்கொண்டார்? எனக்கு விளங்கவில்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தது ஜெஸ்ஸி. வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். என்னை யாரென்று தெரிந்துகொண்டாள், ஆனால் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. உள்ளேயிருந்து, "யாராடி?" என்று சத்தம் வந்தது. "மட்டாஞ்சேரி சாமி" என்றாள். "சாமியோ! வரச் சொல்லு, வரச் சொல்லு, ஏன் நிக்க வைக்கறே?" என்று பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக அதே பழைய பேச்சு. இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. குரல் வந்த திசையைப் பார்த்துச் சிரித்தார். மேஜை மேல் நீ கொடுத்துவிட்டுப் போன பாட்டில் சிவப்புப் பெட்டியோடு இருந்தது, பிரிக்கவில்லை.

"சாமியோட மோன் வந்தான். நல்ல பையனாக்கும்" என்றார். "'அப்பா அனுப்பினார், ஒரு ஒப்பு வேணும்'னு சொன்னான். எனக்குக் கண்ணு தெரியில்லா. ஜெஸ்ஸி கடைக்குப் போயிருந்தா. வாசிச்சுக் காட்டட்டுமான்னு அவன் கேட்டான். ஞான் வேண்டான்னேன். சாமி அனுப்பின பேப்பர், அதை எதுக்கு வாசிக்கணும்? உடனே ஒப்பிட்டுக் கொடுத்தேன்." பிறகு கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, மகள் காதில் விழக் கூடாது என்பதுபோலக் கேட்டார்: "அதுலே எழுதியிருக்கில்லே சாமி? ஞான் எடுக்கலைன்னு?"

என் வயதில் ஒரு மனிதனுக்கு இதைவிடக் கேவலமான நிமிஷம் வர முடியாது. முப்பத்துச் சொச்சம் வருஷமாக அவர் என் சீட்டுக்காகக் காத்திருந்திருக்கிறார். சாமி ஒரு நாள் எழுதி அனுப்புவார் என்று நம்பியிருந்திருக்கிறார். நீ போய் என் பெயரைச் சொன்னதும் அதுதான் வந்துவிட்டது என்று நினைத்து, தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் அனுப்பினேனாடா உன்னை? எனக்குத் தெரியவே தெரியாது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு சின்னப் பொய். வாசிக்கட்டுமா என்று கேட்டாயாம், அவர் வேண்டாம் என்றதும் நிம்மதியாக மடித்து வைத்துக்கொண்டாயாம். உன்மேல் எனக்கு வந்த அருவருப்பை என்னால் சொல்லி முடியாது. அடுத்த நிமிஷமே அது என் பக்கம் திரும்பிவிட்டது. வேறு யாரிடம் கற்றாய் நீ இதை?

"இல்லை சேட்டா, அதில் அப்படி எழுதவில்லை" என்றேன். ஜெஸ்ஸி மிஷினை நிறுத்திவிட்டு வந்து கதவோரம் நின்றாள். அவள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சாவி முதலாளியிடம் இருந்த வாரத்தில் மால்ட் போய்விட்டது என்பதை, நான் முகர்ந்தபோதே எனக்குத் தெரியும் என்பதை, தெரிந்தே எழுதினேன், தெரிந்தே ஆபீஸ் ரூமில் அப்படிச் சொன்னேன் என்பதை. உன் புத்தகத்தின் பதினேழாம் பக்கத்தையும் படித்துக் காட்டினேன்.  கடைசியில் அந்தோணி, "அப்போ, அன்னைக்கே தெரியும்" என்றார். "தெரியும்" என்றேன். "ஞான் நெனச்சது, சாமிக்கு மூக்கடைப்பாக்கும், ஜலதோஷமாக்கும்னு. சாமிக்கும் தப்பு வரக்கூடாதோன்னு மனசைத் தேத்திட்டேன்" என்றார். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். எனக்காக ஒரு ஜலதோஷத்தைக் கற்பனை செய்துகொண்டு இத்தனை வருஷம் என்னை மன்னித்து வைத்திருந்தார் அவர்.

ஜெஸ்ஸி சிவப்புப் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இது உங்க சாமான், நீங்களே கொண்டுபோங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன். அந்தோணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார், நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கும்போது: "ஞான் ஒப்பிட்ட பேப்பர் எனக்குத் திரும்ப வேணும் சாமி. நீங்க கொண்டு வர வேண்டா. வாங்கிட்டுப் போனவன் கொண்டு தரட்டும்."

உன் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஃபோட்டோவுக்கும் நிற்கமாட்டேன். இதனால் ஸ்காட்லாந்து உன் கையைவிட்டுப் போகலாம். போனால் போகட்டும் என்று லேசாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் அம்மா என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. ஆனால் கம்பெனி விற்கப்படும்போதெல்லாம் கட்டடமும் லைசன்ஸும்தான் கைமாறுகின்றன என்று நினைத்துவிடாதே. உள்ளே இருக்கும் ஆளும் சேர்ந்துதான் விலை போகிறான். என்னை இரண்டு முறை விற்றார்கள், நான் இரண்டு முறையும் சீட்டெழுதிக் கொடுத்து என்னையே கட்டிக் கொடுத்தேன். உனக்கு இது முதல் தடவை. முதல் தடவையில் கை நடுங்கினால் நல்லது, நடுங்கட்டும்.

பழைய மூக்குச் சீட்டு விவகாரத்தை நான் கைப்பட எழுதி, இரண்டு சாட்சிகளை வைத்து, ஜெஸ்ஸியிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதை என்ன செய்வாளோ அது அவள் இஷ்டம். கம்பெனிக்குக் காட்டினாலும் சரி, பேப்பரில் போட்டாலும் சரி. எனக்கு மன்னிப்பு கிடைத்தது என்று நினைத்துவிடாதே, நான் கேட்கவும் இல்லை, அவர்கள் கொடுக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. அவர் ஒப்புப் போட்ட அந்தக் காகிதம் உன் ஆபீஸ் ஃபைலில்தான் இருக்கும். எடுத்துக்கொண்டு தோப்பும்படிக்குப் போ. ஜெஸ்ஸி வாசலிலேயே நிற்கவைப்பாள், நில். அவர் கையில் கொடுத்து, அதில் என்ன எழுதியிருந்தது என்பதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டு. பிறகு என்ன சொல்ல வேண்டுமோ அதை நீயே யோசித்துச் சொல். ஏன் வந்தாய் என்று அவர் கேட்பார். அப்பா அனுப்பினார் என்று மட்டும் சொல்லாதே.